நாணும் தோட்டியும் முட்டுக்கட்டையும்
இயக்கத்தை ஆளும் முறை பற்றிய ஒரு சொல் வரலாறு

மயிலைக் கபாலீசுவரர் கோயிற் பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாள் தேர்த் திருநாள். மறுநாள் நிகழும் அறுபத்துமூவர் விழாவின் புகழ் பெரிதாதலின், தேர் ஓடும் முறையைக் கூர்ந்து நோக்குவார் சிலரே. வடம் பிடிப்போர் பல நூற்றுவர். அவர்கள் தேரின் உருளைகளைக் காண்பதில்லை. அவர்கள் முகம் முன்னோக்கியிருக்கின்றது. உருளைகளைக் காண்பவர், தேரின் இரு மருங்கும் குனிந்தபடியே நடந்துவரும் சிலர். அவர்தம் கையிலிருப்பது ஆப்பு வடிவில் செதுக்கிய மரத்துண்டு. அதற்கு முட்டுக்கட்டை என்று பெயர்.

கோயில் தேருக்குத் திருப்பும் பொறி இல்லை. அச்சு தேரின் அடித்தளத்தோடு பிணைக்கப்பட்டது. வண்டியின் நுகம் போலவோ, உந்துவண்டியின் திருப்புவளையம் போலவோ அதை வளைக்க இயலாது. எனவே தேர் வலப்பக்கம் ஒதுங்கவேண்டின் வல உருளையின் முன் கட்டை இடப்படுகின்றது. அவ்வுருளை தயங்க, இடப்பக்க உருளை முந்த, தேர்முகம் சிறிதே வலப்பக்கம் திரும்புகின்றது. திரும்பிய அளவு போதும் என்று கண்டவுடன் கட்டை வாங்கப்படுகின்றது. மாட வீதியின் மூலைகளில் உருளைகளின்கீழ் மசகு பூசிய இரும்புத் தகடுகளை இட்டுத் திருப்புதலும் தேர் ஓட்டும் ஊர்களில் உண்டு. நிற்கவேண்டின் இருபுறமும் கட்டை இடுவர். நின்ற தேரைப் பெயர்த்தற்குப் பின்னிருந்து நெம்புவர். இவை யாவும் தேர் கண்டோர் அறிந்தனவே. எனினும், இயக்கம் வேறு, இயக்கத்தை ஆளுதல் வேறு என்னும் உண்மையை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று பிறிதில்லை என்பது எம் கருத்து. ஆற்றல் முழுவதும் வடத்தில் உள்ளது; நெறி முழுவதும் கட்டையில் உள்ளது.

இக்காலத் தமிழில் முட்டுக்கட்டை போடுதல் என்பது நற்செயலைத் தடுத்தல் என்னும் பொருளிலேயே வழங்குகின்றது. நாளிதழ் படிப்போர் அதை வேறு பொருளில் அறியார். தேர்வீதியிலோ கட்டை இடுபவன் தடுப்பவன் அல்லன். தேரைச் செலுத்துபவன் அவனே. தடையே செலுத்தமாகும் இந்நுட்பம் வழக்குச் சொல்லிலிருந்து நழுவிவிட்டது. இதனையொத்த பிறிதொரு நழுவல், அறிவியல் தமிழில் கட்டுப்பாடு என்னும் சொல்லால் நேர்ந்துள்ளது. உயிருடலிலும் பொறியிலும் இயக்கம் எவ்வாறு ஆளப்படுகின்றது என்று கூறப் புகும் நூல்கள் அனைத்தும் அச்சொல்லையே பெய்கின்றன. கட்டுதலும் கட்டுக்குள் இருத்தலுமே அதன் பொருள். ஊர்க் கட்டுப்பாடு, உணவுக் கட்டுப்பாடு என்னும் வழக்குகளில் அது பொருத்தமுடையதே. ஆனால் நடக்கும் கால் எவ்வாறு நடக்கின்றது என்பதை அச்சொல் விளக்குமா? பண்டைத் தமிழ் இப்பொருளைப் பகுத்து நோக்கிய முறையை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் பொறி என்னும் சொல்லைக் காண்போம். மெய், வாய், கண், மூக்கு, செவி என்பவை ஐம்பொறிகள். கைவினைஞன் ஆக்கிய எந்திரமும் பொறியே. இன்று பொறியியல் என்று ஒரு துறைக்கே பெயராகிவிட்டது. புலனுறுப்பையும் எந்திரத்தையும் ஒரே சொல்லாற் குறித்ததைக் கொண்டு, உடலை எந்திரமாகக் காணும் கொள்கை தமிழரிடத்து இருந்தது என்று கூறிவிடுதல் எளிது. அவ்வாறு கூறுவாரும் உளர். அஃது ஆராய்ச்சியன்று. சொல்லொருமை கொள்கையொருமைக்குச் சான்றாகாது. சொல் காட்டுவதை மட்டும் கொள்வோம்: புறத்தே நிகழ்வதை ஏற்று அகத்தே செயல் விளைவிக்கும் அமைப்பு பொறி எனப்பட்டது. நரம்பு என்னும் சொல்லும் இவ்வாறே இரு நிலத்தில் நிற்பது. யாழில் நரம்பு உண்டு. உடலிலும் நரம்பு உண்டு.

தொல்காப்பிய மரபியல் உயிர்களைப் பகுக்கும் முறை ஈண்டு நினைக்கத்தக்கது. உற்றறிவது ஒன்றேயுடையது முதலாக, மனத்தோடு ஆறறிவுடையது ஈறாக அது வரிசைப்படுத்துகின்றது. ஊர்வன, நடப்பன, பறப்பன என்று இயக்கம் பற்றிப் பகுத்தல் எளிதாயிருந்தும் அதனை அது அடிப்படையாகக் கொள்ளவில்லை. உயிர் எதைச் செய்கின்றது என்பதினும் எதை அறிகின்றது என்பதே அங்கு அளவுகோல். இயக்கத்தை ஆளுதற்கு வெளிச்செல்லும் ஏவல் மட்டும் போதாது, உள்வரும் அறிவும் வேண்டும் என்று பிற்கால உடலியல் கண்டதை எண்ணும்போது, இவ்வளவுகோல் நமக்குப் புதிய சுவை தருகின்றது. அதற்கு மேல் எதையும் இதன்மீது ஏற்றுதல் ஆகாது.

இனி, செயற்கைப் பாவைக்கு வருவோம். திருக்குறள் நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறள் (1020) இப்பொருளின் நடுவிடம் எனலாம். அகத்தே நாண் இல்லாதவரது இயக்கத்தை, நாணால் ஆட்டப்படும் மரப்பாவை உயிருடையது போல மயக்குவதற்கு அது ஒப்பிடுகின்றது. நாண் என்பது வெட்கம். நாண் என்பது கயிறு. இச்சிலேடையை உரையாசிரியரும் பிறரும் சொல்நயமாகக் கண்டு மகிழ்ந்துள்ளனர். அஃது அணியழகு மட்டும் அன்று என்பது எம் துணிபு. பாவைக்கும் நாண் உண்டு, மாந்தனுக்கும் நாண் உண்டு. ஒன்று புறத்தது, மற்றொன்று அகத்தது. புறத்தே காண்போர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே ஆடும். எனவே அசைவை மட்டும் நோக்கி உயிர் உண்மையைத் துணிதல் இயலாது; அசைவை ஆள்வது எங்குள்ளது என்றே நோக்கவேண்டும். குறளின் கருத்து அறம் பற்றியதே, உடலியல் பற்றியதன்று. ஆயினும் உவமை பொருந்துதற்கு இவ்வேறுபாட்டை ஆசிரியர் தெளிவாக உணர்ந்திருத்தல் வேண்டும்.

பாவையின் கயிறு ஒருவழிப் பாதை. ஆட்டுவோன் கையசைவு பாவைக்குச் செல்கின்றது. பாவைக்கு நேர்ந்தது எதையும் பாவை அறிவதில்லை. கால் தட்டி விழும் நிலையிலும் அது தானே திருந்தாது. ஆட்டுவோன் கண்ணே பாவையின் கண். உடலின் நரம்போ இருவழிப் பாதை. தண்டுவடத்திலிருந்து புறப்படும் நரம்பு வேர்களில் முன்வேர் ஏவலைக் கொண்டுசெல்வது, பின்வேர் உணர்வைக் கொண்டுவருவது என்று பெல், மாழாந்தி என்னும் மேலை அறிஞர் இருவர் 1811, 1822 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளால் நிலைபெற்றது. தசையிலும் மூட்டிலும் உள்ள உணர்வு முனைகள் உறுப்பு இருக்கும் நிலையை இடையறாது அறிவித்துக்கொண்டேயிருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு மூக்கு நுனியைத் தொடும் விரல் இதற்குச் சான்று.

எந்திரத்துக்கும் இத்தகைய திரும்பி வரும் செய்தியை அளிக்கலாம் என்பதைச் சேம்சு வாட்டு 1788ஆம் ஆண்டில் தம் நீராவிப்பொறியிற் பொருத்திய சுழல்குண்டு அமைப்புக் காட்டியது. பொறி விரைந்தாற் குண்டுகள் விலகி உயரும். அவை உயர்ந்தால் நீராவியின் வாயில் குறுகும். பொறி தானே தணியும். மாக்சுவெல் 1868இல் இவ்வமைப்பைக் கணக்கியல் நெறியில் ஆராய்ந்தார். நார்பர்ட் வீனர் 1948இல் விலங்கிலும் எந்திரத்திலும் நிகழும் இவ்வாட்சியை ஒரே துறையாக வகுத்தபோது, அதற்கு இட்ட பெயர் மீகாமனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. அவர் கட்டுதலைக் குறிக்கும் சொல்லைத் தேடவில்லை, கலம் செலுத்துதலைக் குறிக்கும் சொல்லையே தேர்ந்தார் என்பது நோக்கத்தக்கது.

நம் இலக்கியத்திலும் அச்சொல் உண்டு. அதுவே உய்த்தல். புறநானூற்று 185ஆம் பாட்டைப் பாடியவன் தொண்டைமான் இளந்திரையன் என்னும் அரசன். உருளையும் பாரும் கோத்துச் செய்த சகடத்தைச் செலுத்துவோன் மாட்சியுடையனாயின் அஃது ஊறின்றி நெறிப்படச் செல்லும். உய்த்தல் தெளியானாயின் நாள்தோறும் பகையென்னும் சேற்றில் அழுந்தித் துன்பம் விளைக்கும் என்பது அதன் கருத்து. சகடம் என்றது நாட்டை. அரசன் பாடியதாதலின் இதற்கு ஒரு தனி மதிப்புண்டு. ஆட்சியைக் கட்டுதல் என்று அவன் கருதவில்லை. இதற்கு எதிர்முனையில் நிற்பது கணியன் பூங்குன்றனார் காட்டும் புணை (புறம். 192). ஆற்று நீரின் போக்கிற் செல்லும் மிதவைக்கு உய்ப்போன் இல்லை. இரண்டு பாட்டுக்கும் எண்ணால் ஏழே இடைவெளி. கருத்தாலோ இயக்கம் பற்றிய இரு முழுக்கொள்கைகள்.

உய்த்தலின் இலக்கணத்தை வள்ளுவர் 422ஆம் குறளிற் காட்டுகின்றார். மனத்தைச் சென்ற இடத்திற் செல்லவிடாமை, தீதினின்று நீக்குதல், நன்றின்பால் உய்த்தல் என மூன்று செயல்கள் அங்கு ஒருங்கு கூறப்படுகின்றன. அறிவு என்பது இம்மூன்றின் தொகுதி. தடுத்தல் ஒரு கூறு மட்டுமே, அதுவும் முற்கூறு. கட்டுப்பாடு என்னும் இக்காலச் சொல் இம்மூன்றில் முதலிரண்டை மட்டும் பற்றி நின்று மூன்றாவதை விட்டுவிட்டது.

தோட்டி பற்றிய உவமை வேறொரு படியைக் காட்டுகின்றது. உரன் என்னும் தோட்டியால் ஐந்தையும் காப்பவனைக் கூறுவது 24ஆம் குறள். யானையை ஆள்வதற்குக் கயிறும் போதாது, கட்டையும் போதாது. பாகன் கையிலுள்ள தோட்டி யானையின் எடையை நகர்த்துவதில்லை. அது தரும் குறிப்பை யானை அறிகின்றது. அறிந்து தன் வலியால் தானே நடக்கின்றது. பாவையில் வலியும் குறிப்பும் புறத்தன. யானையில் குறிப்புப் புறத்தது, வலி அகத்தது. நாணுடைய மாந்தனிடத்து இரண்டும் அகத்தன. தேரிலோ வலி பல நூற்றுவருடையது, குறிப்புச் சிலருடையது. இவ்வேறுபாடுகளை ஒரே சொல்லால் மூடிவிடுதல் தகுமா என்பதே நம் வினா.

காப்பியங்களின் எந்திரங்களையும் ஒருவாறு காண்போம். பெருங்கதையில் உதயணன் கோடவதி என்னும் யாழால் மதயானையை அடக்க வல்லவன். அவனே, உள்ளே வீரர் மறைந்த எந்திர யானையை உயிர் யானை என மயங்கிச் சிறைப்பட்டான். நரம்பிசையால் உயிர் யானையை ஆண்டவனைக் கொங்குவேளிர் மர யானையால் வீழ்த்திக் காட்டுவதில், மேற்கூறிய குறளின் உயிர்மருட்டலே கதையாக விரிந்துள்ளது போலும். சீவக சிந்தாமணியின் மயிற்பொறி இதனினும் பெயர் பெற்றது. விசயை வலப்பக்கம் திரித்தால் அஃது எழும். இடப்பக்கம் திரித்தால் இறங்கும். 1887இல் உ. வே. சாமிநாதையர் சிந்தாமணியைப் பதிப்பித்தபின் இதனைப் பலரும் அறிந்தனர். பண்டைத் தமிழர் வானூர்தி விட்டனர் என்று மேடையிற் பேசுதலும் தொடங்கிற்று. காப்பியக் கற்பனையைத் தொழில்நுட்ப வரலாறாகக் கொள்வார்க்கு நாம் விடை கூற வேண்டுவதில்லை. நமக்கு வேண்டுவது திருத்தக்கதேவர் ஆளுமுறையைக் கற்பனை செய்த வகையே. பகைவனது வெற்றி முரசைக் கேட்டு விசயை மூர்ச்சையுற, பொறி சுடுகாட்டில் இறங்குகின்றது. ஊர்பவர் அறிவிழந்தால் ஊர்தி தன் வழி தேர்ந்துகொள்ள வல்லதன்று. அது சேர்ந்த இடம் எவரும் தேர்ந்த இடமன்று.

தடுத்தலே செலுத்துதற்குக் கருவியாதலை மிக நுட்பமாகக் கூறும் தமிழ்நூற் பகுதி சிலப்பதிகார அரங்கேற்று காதை. ஆடலாசிரியன் அமைதியைக் கூறுங்கால், இளங்கோவடிகள் அவன் எவ்வெவ் கைத்தொழிலைச் செய்ய வல்லவன் என்பதோடு நின்றாரில்லை. ஒருவகை ஆடற்குரிய கை பிறிதொரு வகையில் வந்து புகாமற் களைய வல்லவன் என்றும் கூறுகின்றார். களைதல் என்பதே அவர் ஆளும் சொல். கூடைக்குரியதை வாரத்திலும், வாரத்துக்குரியதைக் கூடையிலும் களைதல்; பிண்டிக்கும் ஆடற்கும் இடையேயும் அவ்வாறே. பயிர்த்தொழிலில் களை பறித்தலைப் போன்றது இது. நெல்லை வளர்ப்பவன் நெல்லை இழுத்து நீட்டுவதில்லை; அல்லாததை நீக்குகின்றான்.

இங்கிலாந்தின் செரிங்டன் உடலியலில் நிறுவிய உண்மைகளுள் தலையாயது இதனோடு ஒப்புநோக்கத் தக்கது. முழங்கை மடங்குங்கால் மடக்கும் தசைக்கு ஏவல் செல்கின்றது. அதே நொடியில் நீட்டும் தசைக்குச் செல்லும் ஏவல் தண்டுவடத்தில் அடக்கப்படுகின்றது. இவ்வடக்கம் இல்லையேல் இரு தசைகளும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்க, கை மரம்போல் விறைத்து நிற்கும். அவர் 1906இல் வெளியிட்ட நூல் இத்துறைக்கு அடிப்படையாயிற்று. 1932இல் ஏட்ரியனோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அடக்கம் என்பது இயக்கமின்மை அன்று, இயக்கத்தின் ஒரு பாதி.

அடையாற்றில் உருக்குமிணிதேவி அருண்டேல் 1936இல் நிறுவியதும் பின்னர்த் திருவான்மியூரில் நிலைபெற்றதுமான கலாட்சேத்திரத்தில் அடவு பயிலும் மாணவியரைக் கண்டோர் இதனை நேரில் உணர்வர். நட்டுவனாரின் தட்டுக்கழி மனைமீது விழும் ஓசை முதலில் புறத்து நாண். தொடக்க நிலை மாணவி அவ்வோசையைப் பின்தொடர்கின்றாள். தோள் வேண்டாத இடத்து உயர்கின்றது, இடுப்பு ஆடுகின்றது, முகம் கையோடு சேர்ந்து வருந்துகின்றது. ஆசிரியர் திருத்தங்களிற் பெரும்பாலன இதைச் செய் என்பனவல்ல, இதைச் செய்யாதே என்பனவே. ஆண்டுகள் சென்றபின் தாளம் அகத்ததாகின்றது. அரைமண்டியில் அசையாது நிற்கும் இடுப்பின்மேல் கைகள் தடையின்றிச் செல்கின்றன. அடிகள் களைதல் என்றது இப்பயிற்சியின் முடிவையே.

களைதல் தவறிய உடல் எப்படியிருக்கும் என்பதை நோய் காட்டுகின்றது. தமிழ் மருத்துவம் இயக்கக் கேடுகளையெல்லாம் வளியின்மேல் ஏற்றிப் பக்கவாதம், முடக்குவாதம், இளம்பிள்ளைவாதம் எனப் பெயரிட்டது. பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. நடுக்குவாதம் எனப்படும் நோயைச் சேம்சு பார்க்கின்சன் 1817இல் விளக்கி எழுதினார். நடுமூளையிற் சில உயிரணுக்கள் அழிவதால் நேர்வது அது. நோயாளிக்கு வேண்டிய அசைவு தொடங்க மறுக்கின்றது. வேண்டாத நடுக்கம் நிற்க மறுக்கின்றது. சென்னையில் இராமமூர்த்தி 1950இல் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அவரும் பாலசுப்பிரமணியம், கல்யாணராமன், கனகா ஆகியோரும் 1960களில் மூளையின் ஆழத்திலுள்ள சிறு புள்ளியைக் கருவி கொண்டு குறிபார்த்துச் செய்த அறுவைகள் நாடெங்கும் அறியப்பட்டவை. மூளையிற் சிறு பகுதியைச் செயலறச் செய்தால் எதிர்ப்பக்கக் கையின் நடுக்கம் அடங்குகின்றது. இல்லாததைச் சேர்த்தலால் அன்று, மிகுந்து ஓடும் ஏவலை நீக்குதலால் கை மீள்கின்றது. இதற்கு முட்டுக்கட்டை என்னும் சொல்லை அதன் தேர்வீதிப் பொருளில் வழங்கினால் தவறாகாது. பிற்காலத்தே, அறுத்தலுக்கு மாற்றாக மின்துடிப்புகளை ஆழத்திற் செலுத்தும் முறை பரவியது.

மயிலைக்கே உரிய ஒரு வரலாற்றை ஈண்டுக் குறியாது செல்லல் ஆகாது. சிவநேசர் மகள் பூம்பாவை அரவு தீண்டி இறக்க, குடத்திலிட்ட சாம்பரும் எலும்பும் சம்பந்தர் பதிகத்தால் உருவாகி எழுந்தமையைச் சேக்கிழார் கூறுகின்றார். பாவை என்னும் சொல் பதுமைக்கும் பெண்ணுக்கும் கண்மணிக்கும் பொதுவாதலை அறிந்தோர்க்கு அப்பெயரே பொருள் பொதிந்தது. பதிகம் எழுக என்று ஏவவில்லை. மயிலையில் ஓணவிழா, கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், பங்குனி உத்திரம் முதலியவற்றைக் காணாமற் போவாயோ என்றே பாட்டுத்தோறும் வினவுகின்றது. உயிரில்லா எலும்பை எழுப்புதற்கும் கயிறு வேண்டப்படவில்லை. காணும் விருப்பமே வேண்டப்பட்டது. சமய நம்பிக்கையின் உண்மையை ஆராய்தல் நம் வேலையன்று. இயக்கத்தின் பிறப்பிடம் காட்சியில் உள்ளது என்று பதிகம் கொண்டமையே நாம் குறிப்பது.

அடையாற்றை அடுத்துள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 1959இல் தொடங்கப்பெற்றது. ஊனமுற்றோர்க்கான கருவிகளை ஆக்கும் அதன் ஆய்வுப் பிரிவு, ஒன்றுக்கு மேற்பட்ட அச்சுகளையுடைய செயற்கை முழங்காலை 2022இல் வெளியிட்டது. கதம் என்பது அதன் பெயர். வடமொழிக் கிளையினதாகிய இந்தியில் அடிவைப்பைக் குறிக்கும் சொல். அம்முழங்காலுக்கு மூளையில்லை. அணிந்தவர் தம் இடுப்பையும் உடல் எடையையும் கொண்டு அதனை ஆள்கின்றார். நிற்கும்போது அது பூட்டியது போல் உறுதியாகவும், அடியெடுக்கும்போது மடங்குவதாகவும் அச்சுகள் அமைந்துள்ளன. பாவையின் கால் மரமே, இதுவும் உயிரற்ற பொருளே. ஆனால் இதன் நாண் அணிந்தவர் உடலுக்குள் உள்ளது. பொறியின்மை யார்க்கும் பழியன்று என்னும் கருத்தமைந்த 618ஆம் குறளில் பொறி என்பதற்குப் பரிமேலழகர் விதி எனப் பொருள் கொண்டார். உறுப்பு எனக் கொள்வாரும் உளர். இம்முழங்காலை அணிந்து மாட வீதியில் நடப்பவரை எண்ணுங்கால் பின்னவர் உரையே எமக்கு இயல்பாகத் தோன்றுகின்றது. அதிகார இயைபு நோக்கிப் பரிமேலழகரைக் கொள்வார்க்கு எம்மிடம் மறுப்பில்லை.

தேர்களும் மாறிவருகின்றன. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சிராப்பள்ளி மிகுமின் நிறுவனம் இரும்பு அச்சும் உருளையும் அமைத்தது. நீர்மவிசைத் தடையும் பொருத்தப்பட்டுள்ளது. உயிர்க்காப்பை நோக்க இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. உருளைக்கும் கைக்கும் இடையே ஒரு சாண் மட்டும் இருக்கக் கட்டையிடும் தொழில் எளிதன்று; அதில் ஊறுபட்டோர் பலர். ஆயினும் தொழில் மாறுங்கால் அதன் சொற்களும் மறையும். கட்டையின் வகைகள், அதனை இடும் கோணங்கள், தேர்முகத்திலிருந்து கையசைத்து அறிவிக்கும் குறிப்புகள், நெம்பும்போது எழுப்பும் ஓசைகள் ஆகியவற்றுக்கெல்லாம் அத்தொழிலாளரிடையே பெயர்கள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும், 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியமும் நூல்வழக்கிற்கும் அறிவுத்துறைகட்கும் செய்த தொண்டு பெரிது. வீதித் தொழிற்சொற்களைத் திரட்டுதல் அவற்றின் எல்லைக்கு அப்பாற்பட்டது. மயிலை, திருவான்மியூர், திருவல்லிக்கேணி ஆகிய மூன்று ஊர்த் தேர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, முதுகலை மாணவர் ஒருவர் ஓராண்டுத் திருவிழாக்களில் இச்சொற்களைக் கேட்டெழுதுவராயின், உய்த்தல், களைதல், அடக்கல், ஆட்டல் என்னும் நூற்சொற்களுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடத்தக்க ஒரு தொகுதி கிடைக்கும். எந்திர ஆட்சிக்கு உய்ப்பியல் என்று பெயரிடலாமா, வேறு பெயர் பொருந்துமா என்பதை அதன்பின் துணிவோம்.